கையால கட்டுற ஜெபமாலை: ரங்கூன்ல நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

மாலை கட்ட கத்துக் குடுங்கன்னு கேக்குறவங்க ஒரு பக்கம், கட்டின மாலைய வெச்சு எப்படி ஜெபிக்கிறது, எங்க மந்திரிக்கிறது, அதாவது சாமியார் கிட்ட ஆசீர்வாதம் வாங்குறதுன்னு கேக்குறவங்க இன்னொரு பக்கம். ரங்கூன் மட்டும் இல்ல, தட்டோன், மோல்மேன், பெகு பக்கத்துலேர்ந்தும் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி முடியல, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

அக்கா, கையால கட்டின மாலைக்கு கடைல வாங்குறத விட சக்தி அதிகமா?

இல்லப்பா. பிளாஸ்டிக் மாலையா இருந்தாலும் ஜேடு கல்லு மாலையா இருந்தாலும் மாதா கிட்ட போறது ஜெபம்தான், மணி இல்ல. ஆனா நான் ஏன் கையால கட்டுங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன்னா, கட்டத் தெரிஞ்சவங்க வீட்டுல மாலை அறுந்து கிடக்காது, ஒரு நிமிஷத்துல சரி பண்ணி மறுபடி கையில எடுத்துடுவாங்க, அறுந்த மாலைய டிராயர்ல போட்டு வெச்சுட்டு அப்படியே ஜெபத்தையும் விட்டுடுற வீடுங்க நம்ம ஊர்ல நிறைய இருக்கு.

லூர்து மாதா கதைல ஒரு சின்ன விஷயம் இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. 1858ல மாதா காட்சிய பாத்த பெர்னதெத்ங்கிற பொண்ணு, காட்சி நடந்த கெபிக்கு (குகைக்கு) போறப்பல்லாம் ஒரு சாதாரண ஏழை வீட்டு ஜெபமாலை வெச்சிருந்தா. மார்ச் 1ஆம் தேதி ஒரு அம்மா, தன்னோட மாலைய வெச்சு மாதா முன்னாடி ஜெபம் பண்ணும்மான்னு அவ கையில குடுத்து விட்டாங்க. காட்சில மாதா கேட்டது, உன் மாலை எங்கன்னு. அவ உடனே பாக்கெட்லேர்ந்து தன் மாலைய எடுத்து காட்டினா. அடுத்தவங்க மாலை எவ்வளவு நல்லதா இருந்தாலும் உன்னோடதுதான் வேணும்னு மாதாவே கேட்டமாதிரி எனக்கு தோணும். ஞாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்கு பிப்ரவரில போறவங்க எல்லாரும் இத பிள்ளைங்களுக்கு சொல்லுங்க, அங்க போய் புது மாலை வாங்குறது நல்லதுதான், வீட்டுல இருக்குற பழைய மாலையையும் எடுத்துட்டு போங்க.

53 மணி ஜெபமாலைன்னு சொல்றோம், எண்ணிப் பாத்தா 59 வருதே?

53ங்கிறது அருள் நிறைந்த மந்திரம் சொல்ற சின்ன மணிங்க. பத்து பத்தா அஞ்சு, அது 50, சுரூபத்துக்கு (இயேசு உருவம் இருக்குற சிலுவைக்கு) மேல இருக்குற மூணு, சேத்தா 53. பரலோக மந்திரம் சொல்ற பெரிய மணி 6, தொங்குற பகுதில ரெண்டு, வட்டத்துல பத்துக்கும் பத்துக்கும் நடுவுல நாலு. மொத்தம் 59. வட்டத்துல அஞ்சு பத்துக்கு நாலு பெரிய மணிதானே வருது, ஒண்ணு குறையுதேன்னு புதுசா கட்டுறவங்க கொழம்பி ஒண்ணு கூட போட்டுடுவாங்க. முதல் பத்துக்கான பரலோக மந்திரத்த தொங்குற பகுதியோட ரெண்டாவது பெரிய மணிலயோ, வட்டமும் தொங்குற பகுதியும் சேருற நடு மெடல்லயோ சொல்லிக்கலாம், அதனால தனி மணி வேண்டாம்.

எந்த நூலு நல்லது, எந்த மணி நல்லது?

நூலுக்குத்தான் முதல் கவனம். நம்ம ஊர்ல மே மாசம் ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் மழை, மோல்மேன் பக்கம் கேக்கவே வேணாம், துணி காயாது, சுவர்ல பூஞ்சை. பருத்தி நூல்ல கட்டின மாலை அந்த ஈரத்துலயும் கை வேர்வைலயும் கொஞ்ச நாள்ல கறுத்து இத்துப் போயிடும். அதனால நைலான் நூலு வாங்குங்க, மீன் வலை பின்னுற முறுக்கு நூலு இருக்கே அதோட மெல்லிசு ரகம் ரொம்ப நல்லா நிக்கும், விலையும் கம்மி. பருத்திலதான் கட்டணும்னா மெழுகுவர்த்தி துண்ட நூல் முழுக்க நல்லா தேச்சுட்டு கட்டுங்க, ஈரம் ஏறாது, மணில நுழைக்கவும் லேசா இருக்கும்.

மணி அளவு, பெரியவங்களுக்கு 8 மில்லிமீட்டர் சரி, பிள்ளைங்களுக்கு 6 போதும். வயசானவங்க, கை நடுக்கம் இருக்குறவங்க, சக்கரை வியாதில விரல் மரத்துப் போனவங்களுக்கு 10 போடுங்க, தயவு செஞ்சு சின்ன மணில அழகா கட்டி குடுக்காதீங்க, அவங்களுக்கு எந்த மணில இருக்கோம்னே தெரியாது.

மரமணின்னா பிடௌக் மரம் நம்ம ஊர்லயே கிடைக்கும், செவப்பா இருக்கும், கை எண்ணெய் பட பட மெருகு ஏறும். சந்தன மணி வாசனையா இருக்கும், போலியும் நிறைய வருது பாத்து வாங்குங்க. கண்ணாடி மணி அழகு, ஆனா ஓட்டை ஓரம் கூரா இருந்தா நூல அறுத்துடும், வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நூல உள்ள விட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்க, நூல் பிசிறு வந்தா வேணாம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது விதை மணி. கரென் பொம்பளைங்க சட்டைல வெள்ளை வெள்ளையா வெச்சு தைப்பாங்களே ஒரு புல்லு விதை, அதுக்கு இயற்கையாவே நடுவுல ஓட்டை இருக்கும், உள்ள இருக்குற நாரை ஊசியால தள்ளிட்டா போதும், துளை போடவே வேண்டாம். தண்ணி தேங்குற இடத்துல தானா வளரும். அந்த விதைல உலகத்துல பல நாட்டுல ஜெபமாலை கட்டுறாங்க, நம்ம ஊர்ல கண்ணு முன்னாடி கிடக்குறத விட்டுட்டு வெளியூர் பிளாஸ்டிக் மணிக்கு காசு குடுக்குறோம்.

பகோடா பக்கத்து கடைல விக்கிற பதீ மணிய பிரிச்சு ஜெபமாலை கட்டலாமா? பாவமா?

இந்த கேள்வி ரங்கூன்ல இருக்குறவங்களுக்கு மட்டும்தான் வரும். புத்த மதத்துக்காரங்க ஜெபிக்கிற பதீ மாலைல 108 மணி. அத பிரிச்சா ஒரு ஜெபமாலைக்கு 59 போக 49 மிச்சம் இருக்கும், இன்னும் 10 மணி சேத்தா ரெண்டாவதும் கட்டிடலாம். மணி வெறும் மரம், பாவம் ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க, புதுசா கடைல விக்கிறதத்தான் வாங்கணும், யாரோ வெச்சு ஜெபிச்ச மாலைய பிரிக்காதீங்க, அது அவங்களுக்கு பக்தியான பொருள், நம்ம மாலைய யாராவது பிரிச்சா நமக்கு எப்படி வலிக்கும். பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா உங்களுக்கு மணி கோத்து உதவி பண்ணினாலும் தப்பு இல்ல, கட்டுறது யாரா இருந்தாலும் மந்திரிக்கிறது அப்புறம்தான்.

மணியே இல்லாம வெறும் நூல்ல முடிச்சு போட்டு கட்டலாமா?

தாராளமா. சொல்லப்போனா புதுசா கத்துக்குறவங்க இதுலதான் ஆரம்பிக்கணும். காசே ஆகாது, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு போகலாம், தலகாணிக்கு அடில வெச்சா உறுத்தாது, கீழ விழுந்தா சத்தம் வராது, ஜெயில்ல இருக்குறவங்களுக்கு குடுக்குறதுன்னா கூட உலோகம் இல்லாததுனால சுலபம்.

கொஞ்சம் தடிச்ச நைலான் நூலு, ஒரு ஆறரை ஏழு மீட்டர் எடுத்துக்கோங்க. முடிச்சு போடுறது இப்படி, நூல ஆள்காட்டி விரல்ல மூணு சுத்து பக்கத்துல பக்கத்துல சுத்துங்க, நுனிய அந்த மூணு சுத்துக்கும் உள்ளாற விடுங்க, விரல்லேர்ந்து கழட்டி ரெண்டு பக்கமும் மெதுவா இழுங்க, பீப்பா மாதிரி ஒரு முடிச்சு வரும். அதுதான் ஒரு அருள் நிறைந்த மந்திரம். பரலோக மந்திரத்துக்கு நாலு சுத்து போட்டா முடிச்சு பெருசா வந்து விரலுக்கு வித்தியாசம் தெரியும். பத்து முடிச்சு முடிஞ்சதும் ஒரு விரல் அகலம் விட்டு பெரிய முடிச்சு, மறுபடி ஒரு விரல் அகலம் விட்டு அடுத்த பத்து. முடிச்சு இறுகுறதுக்கு முன்னாடி தடிச்ச ஊசிய உள்ள விட்டு நகத்தினா எந்த இடத்துல வேணுமோ அங்க கொண்டு போய் இறுக்கலாம், இறுகினப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. கடைசில நுனிய லைட்டர்ல லேசா காட்டுங்க, உருகி கெட்டியாகிடும். பருத்தி நூல இப்படி பண்ணாதீங்க, எரிஞ்சு போயிடும்.

முதல் மாலைல முடிச்சு ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதுன்னு வரும். வரட்டும், பிரிக்காம அதுலயே ஜெபம் பண்ணுங்க.

மணி கோத்து கட்டினா சீக்கிரம் அறுந்து போகுது, ஏன்?

பெரும்பாலும் ரொம்ப இறுக்கி கட்டுறதாலதான். பத்து மணிக்கு நடுவுல இன்னொரு மணி நுழையுற அளவுக்கு இடம் விடணும். விரல் ஒவ்வொரு மணியா தள்ளிட்டு போறதுக்கு அந்த இடம்தான் வேணும், அது இல்லன்னா மணி நகராது, நகராத மணிய விரல் இழுக்கும், இழுத்து இழுத்து முடிச்சுல அறுந்துடும். பெரிய மணிக்கு ரெண்டு பக்கமும் முடிச்சு போட்டு அத மட்டும் அசையாம வைங்க. 8 மில்லிமீட்டர் மணிக்கு ஒன்றரை மீட்டர் நூல் போதும்.

இன்னொரு இடம், நடு மெடலோட வளையம். அங்கதான் உலோகத்துல நூல் உரசும், அங்க ரெட்டையா சுத்தி கட்டுங்க.

கம்பில கட்டுறது கஷ்டமா?

கைப்பழக்கம் வேணும். 0.8 மில்லிமீட்டர் கம்பி, உருண்டை மூக்கு கொறடு, வெட்டுற கொறடு, இது மூணும் இருந்தா போதும். ஒவ்வொரு மணிக்கும் ரெண்டு பக்கமும் கண்ணி வளைச்சு, கண்ணி வாய மூடாம விட்டா அடுத்த வாரமே மணி கழண்டுடும், மிச்ச கம்பிய கழுத்துல ரெண்டு சுத்து சுத்தி வெட்டினா ஆயுசுக்கும் வரும். மழைக்காலத்துல இரும்பு கம்பி துரு பிடிக்கும், பித்தளை இல்லன்னா எவர்சில்வர் எடுங்க.

என் வெள்ளி மாலை தங்க நிறமா மாறுது, அற்புதமா?

இத கேக்குறவங்க மனசு புண்படக்கூடாதுன்னு நினைக்கிறேன், ஆனா உண்மைய சொல்லணும். நிறைய மாலைல சங்கிலி பித்தளை, மேல வெள்ளி பூச்சு. தினமும் விரல் பட்டு பட்டு பூச்சு தேயும், உள்ள இருக்குற பித்தளை மஞ்சளா தெரியும். பூச்சு தேயுற அளவுக்கு ஜெபிச்சிருக்கீங்க, அதுக்கு நன்றி சொல்லுங்க.

பாடுபட்ட சுரூபம் கட்டாயமா? வெறும் சிலுவை போடலாமா?

சுரூபம் போடுறதுதான் வழக்கம், துக்க தேவரகசியம், அதாவது ஆண்டவர் பாடுபட்ட நிகழ்ச்சிங்கள, தியானிக்கிறப்ப ஆண்டவரோட சுரூபம் கையில இருக்குறது பெரிய உதவி. கிடைக்கலன்னா ரெண்டு குச்சிய நூல்ல கட்டின சிலுவையும் போதும், ஜெபம் அதனால குறையாது.

மாசத்துல அந்த மூணு நாள் பொண்ணுங்க ஜெபமாலைய தொடலாமா?

தொடலாம், கட்டலாம், ஜெபிக்கலாம், குடும்ப ஜெபத்த முன்னாடி நின்னு நடத்தலாம். திருச்சபைல தீட்டுன்னு ஒரு சட்டமே கிடையாது. பாட்டிங்க சொல்லி வளத்தது, பாட்டிங்கள குறை சொல்லல, ஆனா இந்த பழக்கத்த பேத்திங்க கிட்ட கொண்டு போகாதீங்க, ஒரு பொண்ணுக்கு மாதாகிட்ட பேச வேண்டிய நேரத்துல தள்ளி உக்காருன்னு சொல்றது எனக்கு தாங்கவே முடியாத விஷயம். ஒரு பொண்ணா வாழ்ந்த மாதா கிட்ட போறதுக்கு ஒரு பொண்ணுக்கு என்ன தடை?

எந்த நாள் எந்த தேவரகசியம்?

திங்கள், சனி சந்தோஷம். செவ்வாய், வெள்ளி துக்கம். புதன், ஞாயிறு மகிமை. வியாழன் ஒளி. ஒளியின் தேவரகசியம் 2002 அக்டோபர்ல திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேத்து குடுத்தது, அதனால பழைய ஜெப புஸ்தகத்துல இருக்காது, தாத்தா காலத்து புஸ்தகம் வெச்சிருக்குறவங்க ஒரு தாள்ல எழுதி உள்ள வெச்சுக்கோங்க.

இதே மாலைலதான் இரக்கத்தின் ஜெபமாலையும் சொல்றோம், புனித பவுஸ்தீனாவுக்கு 1935ல குடுக்கப்பட்டது, அதுக்கு தனி மாலை வேண்டாம். ஏழு துயர மாலைக்கு மட்டும் தனியா கட்டணும், அதுல ஏழு ஏழு மணியா ஏழு பகுதி.

ஜெபமாலைய மாதா நேரா புனித தோமினிக் கிட்ட குடுத்தாங்கன்னு சொல்றது உண்மையா?

அது ரொம்ப பழைய பாரம்பரியம், அத மதிக்கணும். வரலாறு படிச்சா இன்னும் அழகா இருக்கு. மடத்துல இருந்தவங்க 150 சங்கீதம் சொன்னாங்க, படிக்கத் தெரியாத ஜனங்க அதுக்கு பதிலா 150 பரலோக மந்திரம், அப்புறம் 150 அருள் நிறைந்த மந்திரம், மணிலயும் முடிச்சுலயும் எண்ணி சொன்னாங்க. 1400கள்ல ஆண்டவரோட வாழ்க்கைய தியானிக்கிற வழக்கம் அதுல சேந்துச்சு, 1569ல ஐந்தாம் பத்திநாதர் திருத்தந்தை ஒழுங்குபடுத்தினார், 1571ல லெபாந்தோ கடல் யுத்தத்துல கிறிஸ்தவ கப்பல்படை ஜெயிச்சது அக்டோபர் 7, அதான் ஜெபமாலை மாதா திருநாள். எழுத்து தெரியாத ஜனங்களோட ஜெபம் இது. தோட்டத்துலயும் ரயில்வேலயும் துறைமுகத்துலயும் வேலை செய்ய கப்பலேறி இங்க வந்த நம்ம முன்னோர் நிறைய பேருக்கும் எழுத்து தெரியாது.

பிள்ளைங்களுக்கு தமிழ் வாசிக்க வராது, பர்மீஸ்லதான் படிக்கிறாங்க. எந்த மொழில சொல்ல வைக்கிறது?

ஜெபம் எந்த மொழில சொன்னாலும் ஜெபம்தான், பிள்ளை புரிஞ்சு சொல்றதுதான் முக்கியம். ஆனா தமிழ விட்டுடாதீங்க. தமிழ் பள்ளிக்கூடமெல்லாம் மூடினப்புறம் நிறைய வீட்டுல பிள்ளைங்க காதுல தமிழ் தினமும் விழுந்தது ஜெபமாலை நேரத்துலதான். ஒரே குடும்பத்துல 53 தடவ ஒரே வாக்கியம் கேட்டா எந்த பிள்ளைக்கும் மனப்பாடம் ஆயிடும், எழுத்தே வேண்டாம். நான் சொல்ற வழி, தேவரகசியத்த பர்மீஸ்ல ரெண்டு வரி விளக்குங்க, அருள் நிறைந்த மரியேவ தமிழ்ல சொல்லுங்க. முதல் பாதிய ஒருத்தர், பின் பாதிய மத்தவங்க, பத்துக்கு ஒரு ஆள் மாத்தி மாத்தி. சின்ன பிள்ளைக்கு பத்து மணி மட்டும் இருக்குற குட்டி மாலை கட்டி குடுங்க, அது ஒரு பத்து சொன்னா போதும், மிச்சத்துக்கு தூங்கினா தூங்கட்டும்.

கரண்ட் இல்லாத ராத்திரில ஜெபமாலைக்கு வெளிச்சமே தேவையில்ல, விரலுக்கு தெரியும். மெழுகுவர்த்திய மிச்சம் பிடிங்க.

ஜெபம் சொல்றப்ப நினைப்பு எங்கெங்கயோ போகுது, என்ன பண்றது?

எல்லாருக்கும் போகும். நினைப்பு அலைஞ்சது தெரிஞ்ச உடனே எந்த மணில இருக்கீங்களோ அங்கேர்ந்து தொடருங்க, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க, அப்படி ஆரம்பிச்சு ஆரம்பிச்சு அலுத்துப் போய் விட்டவங்கள பாத்திருக்கேன். நீங்களே கட்டின மாலையா இருந்தா ஒரு உதவி இருக்கு, ஒவ்வொரு பத்தையும் கட்டுறப்பவே ஒருத்தருக்காகன்னு நினைச்சு கட்டுங்க, மலேசியாவுல வேலை செய்ற மகனுக்கு ஒரு பத்து, படுக்கைல இருக்குற மாமியாருக்கு ஒரு பத்து. ஜெபிக்கிறப்ப விரல் அந்த இடத்துக்கு வந்ததும் அவங்க நினைப்பு வரும்.

கழுத்துல போடலாமா, கார் கண்ணாடில தொங்க விடலாமா?

பக்திக்கு போட்டா யாரும் தடுக்க முடியாது. அழகுக்கு போடாதீங்க. கார்ல தொங்குறத கையில எடுத்து ஜெபிக்கிறீங்கன்னா தொங்கட்டும், வருஷக்கணக்கா வெயில்ல வெளுத்து தொங்குதுன்னா கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு போங்க.

இறந்தவங்க கையில வெச்ச மாலைய பெட்டியோட புதைக்கணுமா?

அப்படி சட்டம் எதுவும் இல்ல, குடும்பம் முடிவு பண்ணலாம். என் அபிப்பிராயம், அவங்க ஆயுசு முழுக்க ஜெபிச்ச மாலைய பேரப்பிள்ளைக்கு குடுங்க, புதுசா ஒரு நூல் மாலை கட்டி அவங்க கையில வைங்க.

பரிபூரண பலன் கிடைக்க மந்திரிச்ச மாலை இருந்தாகணுமா?

கோயில்லயோ குடும்பமா சேந்தோ அஞ்சு பத்தும் தொடர்ந்து தியானத்தோட சொன்னா பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான தண்டனை முழுசா நீங்குற பலன், உண்டு, பாவசங்கீர்த்தனம், பூசைல நன்மை வாங்குறது, திருத்தந்தையோட கருத்துக்காக ஜெபம், பாவத்து மேல பற்று இல்லாத மனசு, இந்த நிபந்தனையெல்லாம் வழக்கம் போல. மாலையே இல்லாம விரல்ல எண்ணினாலும் அந்த பலன் உண்டு. மந்திரிச்ச மாலைய பக்தியா பயன்படுத்துறதுக்கு தனியா ஒரு சிறு பலனும் இருக்கு.

அறுந்த மாலைய சரி பண்ணினா மறுபடி மந்திரிக்கணுமா? மந்திரிச்ச மாலைய விக்கலாமா?

நூல் மாத்தினாலும், தொலைஞ்ச ஒண்ணு ரெண்டு மணிய மாத்தினாலும் மறுபடி வேண்டாம். 2017ல திருத்தந்தை பிரான்சிஸ் ரங்கூன் வந்தப்ப மந்திரிச்சு வெச்சிருக்கோம், அத தொட பயமா இருக்குன்னு சிலர் அறுந்த மாலைய அப்படியே பொட்டலமா வெச்சிருக்காங்க, பயப்படாம நூல் மாத்தி எடுத்து ஜெபிங்க. சரி பண்ணவே முடியாத அளவுக்கு போயிடுச்சுன்னா குப்பைல போடாம மண்ணுல புதைங்க இல்லன்னா எரிச்சுடுங்க.

விக்கிறது வேற விஷயம். மந்திரிச்ச மாலைய வித்தா அதுக்கான பலன் போயிடும், அதனால கட்டி விக்கிறவங்க மந்திரிக்காமதான் விக்கணும், வாங்கினவங்க மந்திரிச்சுக்கணும். மணிக்கும் நூலுக்கும் உழைப்புக்கும் நியாயமான காசு வாங்குறதுல ஒரு தப்பும் இல்ல, இதுல பொழைக்கிற விதவைங்க இருக்காங்க, அவங்க கிட்ட பேரம் பேசாதீங்க. மந்திரிச்சு விக்கிறேன்னு கூட காசு கேட்டா மட்டும் வாங்காதீங்க.

மந்திரிக்க சாமியார எப்ப பாக்குறது?

பூசை முடிஞ்சு அவர் உடுப்பு மாத்தினப்புறம். பூசைக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துக்கு ஆளுங்க காத்திருப்பாங்க. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில்ல கூட்டம் ஜாஸ்தி, அவசரம் இல்லன்னா வேற நாள் போங்க, பையிலேர்ந்து மாலைய வெளிய எடுத்து கையில வெச்சுட்டு நில்லுங்க.